படம் காட்டும் ஈ

அந்த வகுப்பறைச் சுவரில் ஒரு பல்லி இருந்தது. புதிய ஸ்மார்ட் போர்டுக்காக ட்யூப்லைட்டைக் கழற்றிவிட்டார்கள். அதோடு பூச்சி வரத்தும் நின்று, பல்லிக்கு வயிறு காய்ந்தது.

அன்று அறிவியல் பாடம். போர்டில் கொழுத்த ஈ ஒன்று வந்து நின்றது. பிள்ளைகள் விரல் வைத்ததும் சிறகு தனியாக, கால் தனியாகப் பிரிந்து பெரிதானது. பல்லிக்கு வாய் ஊறியது. மணி அடித்துப் பிள்ளைகள் விளையாடப் போனதும் பாய்ந்து கவ்வியது. மூக்கு அடிபட்டதுதான் மிச்சம்.

"யோவ், அவங்க தொட்டா எல்லாம் வருது. நான் கவ்வினா ஒண்ணும் வரலையே?"

"அது படம்டா," என்றது போர்டு. "ஈயைப் பத்திக் கத்துக்கத்தான். திங்க இல்ல."

"கத்துக்கிட்டா பசி போயிடுமா?"

"அது பாடத்துல இல்ல."

"அப்ப எது படம், எது நிஜம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"என்கிட்ட கேளு, சொல்றேன்."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. போர்டு இருண்டது. ஜன்னல் வழியே ஓர் ஈ வந்து அதன் மேல் உட்கார்ந்தது. பாயப் போன பல்லி, வலித்த மூக்கை நினைத்து நின்றது.

"சும்மா படம் காட்டாதே!"

"நான் எங்கண்ணே படம் காட்டினேன்? வழி தெரியாம வந்துட்டேன்," என்று நடுங்கியது ஈ.

"அட, பேசவும் செய்யுதே!" பல்லி போர்டைக் கேட்டது: "இதுவும் உன் ஈதானே?"

கரண்ட் இல்லாத போர்டு இருண்டே கிடந்தது. கொஞ்ச நேரத்தில் தைரியம் வந்த ஈ, பல்லியின் மூக்கிலேயே உட்கார்ந்து கால்களைத் தேய்த்துக்கொண்டது. போர்டு சொல்லட்டும் என்று பல்லி வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது.