பதினோரு வீட்டுக் குண்டூசி

கிராம இணைய இணைப்பு நடத்துவோர் சங்கத்தின் ஐந்தாண்டுத் திட்டக் கூட்டம். சுவரில் மாவட்ட வரைபடம். இணைப்பு போய்ச் சேர்ந்த ஊருக்கெல்லாம் ஒரு சிவப்புக் குண்டூசி குத்தியிருந்தது. கைவிடுவதென்று முடிவான ஊரின் ஊசியை, அந்த ஊருக்குக் கேபிள் இழுத்தவரேதான் எழுந்து வந்து பிடுங்க வேண்டும். வேறு கை படக்கூடாது என்பது சங்கத்தின் வழக்கம். மதியத்துக்குள் ஒன்பது ஊசிகள் தட்டில் கிடந்தன.

பத்தாவது நெல்லிமட்டம். மலைமேல் பதினோரு வீடு, செல்போன் சிக்னல் கிடையாது. பூங்காவனம் இழுத்த கேபிளில்தான் அங்கே பால் சொசைட்டியின் போன் ஓடியது. அவள் எழுந்து போய் ஊசியைப் பிடித்தாள். பாதி வெளியே வந்ததும் நிறுத்தினாள்.

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுத்துர்றேன்."

"ஸ்பீக்கர்ல போடும்மா," என்றார் தலைவர் சவரிமுத்து. "நாங்களும் கேக்கணும்ல."

போன் மூன்றாவது மணி அடித்ததும் சொசைட்டி மாதம்மாள் எடுத்தாள். "சொல்லுங்கக்கா. மழையில அறுந்ததை நீங்க வந்து சேத்துக் குடுத்ததுலேருந்து ரொம்பத் தெளிவா இருக்கு."

"லைன் எப்படியிருக்குன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்," என்றாள் பூங்காவனம்.

"அங்க ஃபேன் ஓடுறதுகூடக் கேக்குதுக்கா."

சவரிமுத்து எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார். நாற்பது பேர் இருந்த அறையில் ஒருவரும் அசையவில்லை.

"இப்ப ஒண்ணுமே கேக்கல," என்றாள் மாதம்மாள். "அக்கா, லைன்ல இருக்கீங்களா?"