டிரைவர் மாமா

டி.வி. பாட்டுப் போட்டியில் ஜெயித்த பத்து வயதுச் சிறுமிக்கு அன்றுதான் முதல் சினிமாப் பாட்டு. ஒரே டேக்கில் பாடி முடித்தாள்.

இசையமைப்பாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்கப்பா உயிரோட இருந்திருந்தா எவ்வளவு பூரிச்சுப் போயிருப்பாரு! போட்டியில அவரை நெனச்சு நீ பாடினப்போ ஊரே அழுதுச்சேம்மா."

சிறுமி தலை குனிந்தாள். வெந்நீர் பிளாஸ்க்கோடு ஓரமாக நின்ற டிரைவர், "நேரமாச்சு பாப்பா" என்று அவளை அழைத்துப் போனார்.

காரில் ஏறியதும் அவள் விசும்பினாள்.

"ஏம்மா அழறே? நல்லாத்தானே பாடினே?"

"போட்டி முடியற வரைக்கும்தான்னு சொன்னீங்க. ஜெயிச்சாச்சு, சினிமாவுலயும் பாடியாச்சு. இன்னும் எத்தனை நாளைக்கு உங்களை டிரைவர் மாமான்னே கூப்பிடணும், அப்பா?"

அவர் அவசர அவசரமாகக் கார்க் கண்ணாடியை ஏற்றினார்.