கூடிப்போன இருநூறு கிராம்

"அப்ப நீங்க பிளேன் ஓட்ட மாட்டீங்க?"

பெண் பார்க்க வந்தவனிடம் சிதம்பரநாதன் கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

"இல்லீங்க. ராணுவத்துக்குச் சாமான் கொண்டு போற பிளேன்ல எவ்வளவு ஏத்தணும், என்னிக்குக் கிளம்பணும், மேல பனி எப்படியிருக்கும்னு பார்த்துத் திட்டம் போட்டுக் கொடுக்கிற வேலை" என்றான் திருஞானசம்பந்தம்.

"துப்பாக்கி?"

"பயிற்சியில சுட்டதோட சரிங்க."

"ஓகோ! மேஜை, நாற்காலி, பென்சில். அப்படித்தானே?"

"ஆமாங்க, பென்சில்தான். அடிக்கடி அழிச்சு எழுத வேண்டியிருக்கும்."

சிதம்பரநாதன் விழுந்து விழுந்து சிரித்தார். பின்னே? அவர் மகன் சோமு லடாக்கில் பனிமலை உச்சியில் காவல் நிற்கிறவன். அந்தச் சேதியைச் சொல்லாமல் மனுஷர் பூவத்திலிருந்து காரைக்காலுக்கு ஒரு பஸ் டிக்கெட் வாங்கியதில்லை. விமானப்படை மாப்பிள்ளை என்றார்களே என்று அம்பகரத்தூரிலிருந்து வந்த ஜாதகத்துக்குச் சரி சொன்னார். வந்து நிற்பவனோ மூட்டைக்கு எடை போடுகிறவன்!

போதாக்குறைக்கு வலது கையில் இரண்டு விரலுக்குக் கட்டு வேறு.

"அதென்ன தம்பி, சண்டையில பட்ட காயமா? இல்ல, பென்சில் சீவும்போது வெட்டிக்கிட்டீங்களா?"

கூட வந்திருந்த அவன் அம்மா தையல்நாயகிக்கு முகம் சுண்டிவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தவளை மகன் கண்ணாலேயே அடக்கினான்.

"சின்னக் காயந்தாங்க. ஆறிடும்."

மகள் மங்கையர்க்கரசி காபி கொண்டுவந்தாள்.

"இடது கையால வாங்குறேன். தப்பா நினைச்சுக்காதீங்க" என்றான்.

அவளுக்கு வயசு இருபத்தாறு. இதுவரை வந்துபோன நாலு பேரில் ஒருத்தனும் அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. நாலு பேரையும் அப்பா நக்கலடித்தே விரட்டியாயிற்று. இவனையாவது விட்டுவையுங்களேன் என்று அவளுக்கு இருந்தது.

மூலையில் ஒரு டின் இருந்தது. அதிரசமும் முறுக்கும் அடைத்து, பழைய புடவைத் துணியைச் சுற்றித் தைத்து, தபாலுக்குத் தயாராக வைத்திருந்தாள் அம்மா கமலாம்பாள்.

"என் பையனுக்கு! மாசாமாசம் போகுது" என்றார் சிதம்பரநாதன். "பனி விழுந்தா அங்க ரோடே கிடையாது. ஆனாலும் டாண்ணு போய்ச் சேர்ந்துடும். ராணுவத்துல அவனுக்கு இருக்கிற மரியாதை அப்படி!"

திருஞானசம்பந்தம் எழுந்துபோய் டின்னை இடது கையால் தூக்கிப் பார்த்தான்.

"மூணு கிலோ எழுநூறு இருக்கும்மா. ஒரு இருநூறு கிராம் மட்டும் குறைச்சிடுங்களேன்."

"பார்த்தியாடி, புத்தி எங்க போகுதுன்னு! பொண்ணு பார்க்க வந்த இடத்துலயும் எடை! என் பையன் திங்கிறதுல இருநூறு கிராம் பிடிக்க நீங்க யாரு?"

அவன் டின்னை இருந்த இடத்திலேயே வைத்தான்.

"ஊருக்குப் போய்க் கடிதாசு போடுறோம்னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்கதான் சொல்லுவாங்க. இங்க நான் சொல்றேன். சம்மதம்னா நானே கடிதாசு போடுறேன். வரலைன்னா புரிஞ்சுக்குங்க."

அம்மாவும் பிள்ளையும் கும்பிட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

கமலாம்பாளுக்கு மனசு கேட்கவில்லை. டின்னை மளிகைக் கடைக்குத் தூக்கிப்போய்த் தராசில் வைத்தாள்.

"ஏங்க, அந்தத் தம்பி சொன்ன மாதிரியே மூணு கிலோ எழுநூறுங்க!"

"எடை தெரிஞ்சா ஆச்சா? நெல்லு மண்டித் தராசுக்குந்தான் எடை தெரியும். அதுக்குப் பொண்ணு கொடுத்துடலாமா?"

நாலாம் நாள் சோமுவின் கடிதம் வந்தது. வாசலில் நாலு பேரைச் சேர்த்து வைத்துக்கொண்டு அதைப் படிக்கச் சொல்லுவதுதான் சிதம்பரநாதன் வழக்கம்.

"சத்தமாப் படிம்மா!"

மங்கையர்க்கரசி படித்தாள்.

"அன்புள்ள அப்பாவுக்கு, நலம். போன மாதம் அனுப்பிய டின் வந்தது. அம்மாவிடம் ஒன்று சொல்ல வேண்டும். பனிக்காலத்தில் இங்கு வரும் விமானத்தில் மாவு, மண்ணெண்ணெய், மருந்து, கடிதம் தவிர எதையும் ஏற்ற மாட்டார்கள். மற்றவர்கள் வீட்டுப் பார்சலெல்லாம் கீழேதான் கிடக்கிறது. எனக்கு மட்டும் எப்படி வருகிறதென்று இப்போதுதான் தெரிந்தது. கீழே திட்டம் போடுகிற ஆபீசில் அம்பகரத்தூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். மாதம் ஒருமுறை இங்கே வந்து பார்த்துவிட்டுப் போவார். அவர் பைக்கு மூன்றரைக் கிலோ அனுமதி. டின் மேல் காரைக்கால், பூவம் என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, தன் பையைக் கீழேயே வைத்துவிட்டு நம் டின்னைத் தூக்கிக்கொண்டு வருகிறார்."

"நம்ம ஊர்ப் பாசம்!" என்றார் சிதம்பரநாதன், நாலு பேரையும் பார்த்து.

மங்கையர்க்கரசி மேலே படித்தாள்.

"இந்தத் தடவை டின் இருநூறு கிராம் கூடிப்போச்சாம். தான் போட்ட திட்டத்தைத் தானே மீறக் கூடாதென்று, போட்டிருந்த கம்பளிக் கையுறையையும் மப்ளரையும் கழற்றி வைத்துவிட்டு ஏறியிருக்கிறார். அந்தக் குளிரில் வலது கையில் இரண்டு விரல் கறுத்துவிட்டது. இப்போது லீவில் ஊருக்கு வந்திருக்கிறாராம். இனிமேல் அம்மாவைக் கொஞ்சம் குறைத்து அனுப்பச் சொல்லுங்கள்."

வாசலில் இருந்த நாலு பேரும் சிதம்பரநாதனையே பார்த்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"பேரு... பேரு போட்டிருக்கானாம்மா?"

"போடலை. உங்களுக்குத் தெரியாதாப்பா?"

அவள் உள்ளே போய் ஓர் இன்லண்ட் லெட்டரை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எழுதுங்கப்பா. பென்சில் நானே சீவி வச்சிருக்கேன்."