முன்மேசையின் விளக்கு

கை ஓயாமல் தைத்தும் துளசிமணியின் தலைக்கு மேலிருந்த விளக்கு ஏன் சிவந்தே எரிந்தது? திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இப்போது சூப்பர்வைசர் உட்பட ஆளுக்கொரு விளக்கு. வேலை ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. முதலாளி பதினொரு மணிக்குச் சுற்றி வரும்போது மூன்று நாள் சிவப்பாகக் கண்டால் வேலை போய்விடும். இதே முதல் மிஷினில்தான் அவள் அக்கா வேலையை இழந்தாள். துளசிமணிக்கு இன்று மூன்றாம் நாள்.

"அக்காளும் தங்கச்சியும் ஒரே சோம்பேறிக் கூட்டம்," என்று சிரித்துவிட்டு, வரிசையின் முன்மேசையில் உட்காரும் சூப்பர்வைசர் வெள்ளியங்கிரி வழக்கம்போல டீக்கடைக்குப் போனான்.

ஆத்திரத்தில் அவள் மிஷினை நிறுத்தினாள். உடனே பின்னாலிருந்த ராசாத்தியின் விளக்கு சிவந்தது.

"ஏனுங்கக்கா, நான் தெச்சுட்டுத்தான இருக்கேன்!"

துளசிமணிக்குப் புரிந்துவிட்டது. எல்லோருடைய நிறமும் முன்மேசையில் தொடங்கி ஒரே ஒயரில் வரிசையாக வருகிறது. ஒவ்வொரு விளக்கும் முதலில் வரும் நிறத்தைத் தான் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அடுத்ததற்கு அனுப்புகிறது. நடுவில் ஒரு விளக்கு இல்லையென்றால், அதன் நிறம் அடுத்தவர் தலையில் விழும்.

நிமிர்ந்து பார்த்தாள். முன்மேசைக்கு மேல் விளக்கைக் காணோம். வெள்ளியங்கிரி அதைக் கழற்றிவிட்டு ஒயரோடு ஒயரை முறுக்கியிருந்தான்; அவனுடைய சிவப்புதான் அவள் தலையில் விழுந்துகொண்டிருந்தது.

"அவரைக் கூப்புடட்டுங்களாக்கா?"

"வேண்டாம் கண்ணு. நிதானமா டீ குடிக்கட்டும். என்ற அக்கா மூணு நாள் அழுதா. நீ அந்தப் பசையை எடு, மூணு நாளைக்குப் புடுங்க முடியாததா."

முதலாளி படியேறி வருவதற்குள், முறுக்கிய இடத்தைப் பிரித்து, உதிரிப் பெட்டியிலிருந்து ஒரு புது விளக்கைச் சேர்த்து ஒட்டினாள். அவள் விளக்கு பச்சையானது; வெள்ளியங்கிரியின் காலி நாற்காலிக்கு மேல் சிவப்பு எரிந்தது.