பளபளக்கும் அரக்கு

சான்றுப்பொருள் அறையின் சன்னல் கம்பிகள் வழியே நண்பகல் வெயில் மேசைமேல் கோடுகோடாக விழுகிறது. அந்த வெளிச்சத்தில் ஏட்டம்மா ஒரு துணிப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். உள்ளே இருப்பது, ரவுடிக் கும்பலின் தலைவன் வேறொருவனைக் குத்திக் கொன்ற கத்தி. முத்திரை பழுதில்லை என்று அவள் கையெழுத்துப் போட்டால் நாளை அது நீதிமன்றம் போகும். கத்தி மாறியிருந்தால் கொலைகாரன் வெளியே வருவான், பழி அவள் தலையில் விழும். முத்திரைக்கு உருக்கி ஊற்றும் அரக்கு துணியின் இழைக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும்; நாளாக நாளாக மினுப்பு மங்கி, மேலே தூசி படியும். ஆறு மாதத்துக்கு முன் அவளே முத்திரை வைத்து அலமாரியில் போட்ட இந்தப் பொட்டலத்தின் அரக்கோ நேற்று ஊற்றியதுபோல் பளபளக்கிறது. பித்தளை முத்திரையை அவள் எப்போதும் தண்ணீரில் நனைத்துத்தான் அழுத்துவாள். நனைக்காவிட்டால் அரக்கு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். இதன் ஓரம் பிய்ந்திருக்கிறது. அவள் அதை முகர்ந்து பார்க்கிறாள். “என்ன ஏட்டம்மா, கருவாடா வாங்க வந்தீங்க?” மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் இன்ஸ்பெக்டர் சிரிக்கிறார். “நான் லீவுல இருந்தப்ப சாவி உங்ககிட்டதானே சார் இருந்துச்சு?” “இருந்துச்சு. அதுக்கென்ன? கையெழுத்தப் போட்டுட்டுச் சாப்பிடப் போங்கம்மா.” அவள் பேனாவை எடுக்கிறாள். ‘அரக்கு புதிது, நான் வைத்த முத்திரை அல்ல’ என்று நிதானமாக எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போடுகிறாள். தலைகீழாகவே அதை வாசித்து முடித்த இன்ஸ்பெக்டர், சிரிப்பு மாறாமல் எழுந்து போய், அறைக் கதவை உள்பக்கமாகச் சாத்துகிறார்.