எருமை எந்தப் பட்டியல்?

ஓமலூர் பிரிவில், தேசிய நெடுஞ்சாலையும் மாநிலச் சாலையும் சேரும் மூலையில், லாரி அடித்த எருமை மூன்றாம் நாளாகக் கிடக்கிறது. பத்தடி தள்ளி பிரின்சியின் இட்லிக் கடை. பெஞ்சில் ஆளில்லை. ஈக்கள் மட்டும் எருமைக்கும் இட்லித் துணிக்குமாகப் பாகுபாடு பார்க்காமல் போய் வருகின்றன. மத்திய அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு டேப்பை நீட்டுகிறார். “தலை மட்டுந்தாங்க எங்க ரோட்டுல இருக்குது. உடம்பு மாநிலப் பட்டியல்.” மாநில அதிகாரி, வெயிலில் பளபளவென்று உப்பும் வயிற்றைக் குனிந்து பார்க்கிறார். “நேத்து எங்க பக்கந்தாங்க. இன்னைக்கு ஊதி, ஒரு அடி உங்க பக்கம் வந்துருச்சு. சட்டத்துல தெளிவா எழுதியிருக்குதுங்க.” பிரின்சி கெஞ்சுகிறாள். “ஏனுங்க சார், ஆராச்சும் இழுத்துப் போடுங்க. மூணு நாளா அரைச்ச மாவெல்லாம் சாக்கடைக்குத்தான் போகுது.” இருவரும் முதல்முறையாக ஒரே பக்கம் திரும்புகிறார்கள். அவள் கடையின் தகரக் கூரையைப் பார்க்கிறார்கள். “இது ஆக்கிரமிப்புதானுங்க?” “ஆமாங்க, ரெண்டு ரோட்டுலயும் நீட்டிட்டு நிக்குது.” “அப்பப் பொதுப் பட்டியல். ரெண்டு பேருமே எடுக்கலாம்.” டேப்பின் ஒரு முனையை அவர் பிடிக்க, மறு முனையை இவர் பிடிக்கிறார். மதியத்துக்குள் பொக்லைன் வந்துவிடுமாம்.