மூடிய கிணறு

சிங்காநல்லூர்ப் பத்திரிகை அலுவலகத்தில் மதிய வெயில் கணினித் திரையில் விழுந்து கண் கூசுகிறது. நிருபர் லோகப்பிரியா சன்னலைச் சாத்திவிட்டு, இணைய வரைபடத்தில் அந்த மில் விடுதியைத் தேடி எடுக்கிறாள். மூன்று வருடங்களுக்கு முன் அங்கே தங்கி வேலை பார்த்தபோதுதான், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மாரியாத்தாளின் மகள் காணாமல் போனாள். அந்த இடத்தில் கிணறே இருந்ததில்லை என்கிறது நிர்வாகம். மகள் கடைசியாக அனுப்பிய புகைப்படத்தில் கிணற்றுச் சுவரில் சாய்ந்து சிரிக்கிறாள். பின்னால் இரட்டைத் தண்ணீர்த் தொட்டி. லோகப்பிரியா பழைய செயற்கைக்கோள் படங்களைப் புரட்டுகிறாள். அதே இரட்டைத் தொட்டி, அருகில் கறுப்பாக ஒரு வட்டம். மகள் காணாமல் போன மறுமாதப் படத்தில் அந்த வட்டம் இல்லை, புதுச் செம்மண் மட்டும். மின்விசிறி கிறீச்சிடுகிறது. மாரியாத்தாள் அழவில்லை. "முந்தின படத்துக்கே போங்க அம்மணி. அன்னைக்கு எம்புள்ள உசுரோட இருந்தாளுங்க. எங்கியாச்சும் தெரியறாளான்னு பாருங்க." தெரியமாட்டாள் என்று தெரிந்தும் லோகப்பிரியா படத்தைப் பெரிதாக்குகிறாள்.